பழைய தோட்டங்களில் பூ, பழம், பட்டாம்பூச்சி: ஆண்டு முழுக்கப் பார்க்க ஒரு வழிகாட்டி

வரலாறு உள்ள தோட்டங்களுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் தொடங்கிய புதுச்சேரி தாவரவியல் பூங்கா, 1835இல் உருவான சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம், 1848இல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய உதகை தாவரவியல் பூங்கா, 1874இல் வந்த குன்னூர் சிம்ஸ் பூங்கா, 1908இன் கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா என்று பட்டியல் நீளும். பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றுக்கு வந்ததிலிருந்து பராமரித்து வரும் பெரும் வளாகத்தையும், அவற்றையெல்லாம் விட மூத்த கோயில் நந்தவனங்களையும் இதில் சேர்க்க வேண்டும்.

இந்த இடங்களுக்குப் பெரும்பாலானோர் ஒரு முறை போய், பெரிய மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குத்தான் பழைய தோட்டம் தன்னைக் காட்டும். அங்கே மரங்கள் இடம் மாறுவதில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரும் தென்னமெரிக்காவின் நாகலிங்கமும் நம் ஊர் இலுப்பையும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றும் தன் கணக்குப்படி தளிர்த்துப் பூத்துக் காய்க்கின்றன. அதே மரத்தடிக்கு வாரா வாரம் போவதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

தோட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

புகழ்பெற்ற தோட்டம் வேண்டாம், பக்கத்தில் இருப்பது போதும். வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியாத தோட்டத்துக்கு இரண்டாம் மாதத்துக்கு மேல் யாரும் தொடர்ந்து போவதில்லை. அப்புறம் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: வயதான மரங்கள் இருக்கின்றனவா, தண்ணீரோ ஈரமண்ணோ எங்காவது இருக்கிறதா, பெருக்கித் துடைக்காத ஒரு மூலையாவது மிச்சம் இருக்கிறதா.

மூன்றாவது மிக முக்கியம். வெட்டிச் சீர்செய்த புல்வெளியும் தொட்டிச் செடிகளும் கண்ணுக்கு அழகு, ஆனால் பட்டாம்பூச்சிக்கு அங்கே முட்டையிட இடம் கிடைப்பது அபூர்வம். மதிலோரத்தில் தானாக முளைத்த எருக்கு, கிலுகிலுப்பை, வேலியில் படர்ந்த ஈஸ்வரமூலி இவைதான் அதன் பிள்ளைப்பேற்று அறை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் அந்த மூலையைத் தேடிப் போங்கள்.

பூங்கா திறக்கும் நேரம், வார விடுமுறை, கட்டணம், கேமராவுக்கு அனுமதி உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நந்தவனம் என்றால் கோயில் அலுவலகத்திலும், அங்கே பூப்பறிப்பவர்களிடமும் சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் முறை. எந்தச் செடி எப்போது பூக்கும் என்று அவர்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

பத்து மரங்கள் போதும்

முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. ஒரு சுற்று நடந்து, பத்து மரங்களைப் பொறுக்கி ஒன்று முதல் பத்து வரை எண் கொடுங்கள். ஒரு நோட்டில் தோட்டத்தின் சின்ன வரைபடம் போட்டு அந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வில் கலவை இருக்கட்டும்: கோடையில் பூப்பது (சரக்கொன்றை), இரவில் பூப்பது (மரமல்லி, பவழமல்லி), பறவைகளுக்குப் பழம் தருவது (ஆல், அத்தி, நாவல்), இலை முழுக்க உதிர்த்துவிட்டுத் தளிர்ப்பது (புங்கு, இலுப்பை), வெளிநாட்டிலிருந்து வந்த ஏதாவது ஒன்று.

மரத்தில் அடித்திருக்கும் பெயர்ப்பலகை உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பலகைகள் பழையவை, தாவரவியல் பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆவாரைக்கு காசியா என்று எழுதியிருக்கும், இன்றைய நூல்களில் அது சென்னா. அதே போல ஒல்லியாக உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தைப் பலர் அசோகம் என்று சொல்வார்கள். உண்மையான அசோகம் குடை போலப் பரந்த சிறு மரம். மாசி, பங்குனியில் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துப் பூ விடும். நெட்டிலிங்கத்தின் பூ வெளிர்பச்சை, இலைக்கூட்டத்துக்குள் கண்ணில் படாமலே போய்விடும். இலை, பட்டை, பூ, காய் நான்கையும் தனித்தனியாகப் படம் எடுத்து வைத்தால் பின்னால் சரிபார்க்கலாம்.

எந்த நேரத்தில் போவது

இதற்கு ஒரே பதில் கிடையாது. பார்க்க விரும்புவதைப் பொறுத்தது. பவழமல்லி அந்தி சாய்ந்ததும் மலர்ந்து விடியுமுன் உதிர்ந்துவிடும். மகிழம்பூவும் அதிகாலையில்தான் தரையில் கொட்டிக் கிடக்கும். இவற்றுக்காக, பூங்கா திறந்த உடனே உள்ளே நுழைய வேண்டும், பெருக்குபவர் வருவதற்கு முன். பட்டாம்பூச்சிக்கு அவ்வளவு அவசரம் இல்லை. உடல் சூடேறினால்தான் அதால் பறக்க முடியும். காலை 8 மணி வாக்கில் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். படம் எடுக்க அதுதான் நேரம். 9 முதல் 11 வரை சுறுசுறுப்பாகப் பறக்கும். கோடையின் உச்சி வெயிலில் அவையும் நிழல் தேடிப் போய்விடும்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை: நோட்டு, பென்சில், தண்ணீர், தொப்பி, ஒரு சின்ன லென்ஸ். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் இரண்டு மீட்டருக்குள் இருப்பதையும் தெளிவாகக் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். பறவைக்கு மட்டும் என்று வாங்கிய பல பைனாகுலர்கள் பக்கத்துப் பூவில் உட்கார்ந்த பூச்சியை மங்கலாகத்தான் காட்டும்.

பூவைப் பார்ப்பது

'பூத்திருக்கிறது' என்று எழுதினால் போதாது. மொட்டா, விரிந்த பூவா, உதிர்கிறதா, எத்தனை பங்கு? இந்தியா முழுவதும் மரங்களின் பருவத்தைப் பொதுமக்களே பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டத்தில் எளிமையான முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், பழம் என ஒவ்வொன்றுக்கும் 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்ற மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மரத்துக்கு இரண்டு நிமிடம். என் அனுபவத்தில் இதை விட நல்ல முறை வேறில்லை, ஏனென்றால் இதைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம்.

பிறகு ஒரு பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். சரக்கொன்றையை எடுத்துக்கொள்வோம். தாழ்ந்த கொத்து ஒன்றைத் தேடி, விரிந்த பூவின் நடுவே பாருங்கள். பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும், எல்லாம் ஒரே அளவில் இருக்காது. மூன்று நீளமாக வெளியே வளைந்து நீண்டிருக்கும், நான்கு நடுத்தரம், மூன்று மிகக் குட்டி. கருவண்டு வந்து கொத்தையே ஆட்டி அசைக்கும்போது நீண்ட தாள்கள் அதன் உடலில் எங்கே படுகின்றன என்று கவனியுங்கள். அதே கிளையில் போன ஆண்டின் காய்கள் முழ நீளத்துக்குக் கறுத்துத் தொங்குவதையும் பார்க்கலாம். இந்தக் காய் முற்ற ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும் என்பதால்தான் பழைய காயும் புதுப் பூவும் ஒரே மரத்தில் சந்திக்கின்றன.

நாகலிங்கம் இன்னும் வியப்பானது. பூ கிளை நுனியில் வராமல் அடிமரத்திலிருந்தே நேராகப் புறப்படுகிறது. படமெடுத்தது போன்ற மேல் வளைவில் இருக்கும் மகரந்தம் முளைக்காது, அது வண்டுக்கும் தேனீக்கும் தீனி மட்டுமே. கீழே வளையமாக இருக்கும் தாள்களில்தான் கருவுறச் செய்யும் மகரந்தம். தேன் துளியும் இல்லாத பூ. வண்டு மேலே மேய்ந்துகொண்டிருக்க, கீழிருக்கும் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். காலை நேரத்தில் சிறிது பொறுமையாக நின்றால் இது முழுவதையும் கண்ணால் காணலாம்.

நந்தவனத்தில் மனோரஞ்சிதம் இருந்தால் கண்ணை விட மூக்கை நம்புங்கள். பூ பச்சையாக இருக்கும்வரை இலையோடு இலையாக ஒளிந்திருக்கும். மஞ்சளாகும்போது பழுத்த பழத்தின் வாசம் வீசும்.

காயும் பழமும்

பூவுக்குக் கூடும் கூட்டம் பழத்துக்குக் கூடுவதில்லை. எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் தோட்டத்தில் உயிர்கள் அதிகம் திரளும் இடம் பழமரத்தடி. ஆனி, ஆடியில் வேப்பம்பழமும் நாவலும் இலுப்பைப் பழமும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. குயில், மைனா, கொண்டைக்குருவி, அணில் பகலில், வௌவால் இரவில். காலையில் மரத்தடியில் கிடக்கும் எச்சில் கொட்டைகளைப் பார்த்தே இரவு யார் வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். பழந்தின்னி வௌவால் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகும்.

ஆல், அரசு, அத்திக்குத் தனி இடம் கொடுங்கள். இவற்றின் பூக்கள் வெளியே தெரிவதில்லை. காய் என்று நாம் நினைக்கும் உருண்டைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மிகச் சிறிய குளவி ஒன்று நுனித் துளை வழியே உள்ளே போய் மகரந்தச் சேர்க்கை செய்கிறது. அத்தி இனங்களில் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குளவி. தரையில் விழுந்த ஆலம்பழத்தைப் பிட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓர் ஆலமரம் பழுக்கும்போது பக்கத்து ஆலமரம் பழுக்காமல் இருப்பதும் சகஜம். அதனால்தான் வேறெந்த மரத்திலும் பழம் இல்லாத மாதத்தில்கூட எங்காவது ஓர் ஆல் பறவைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். அடையாற்றின் புகழ்பெற்ற ஆலமரம் 1989 புயலில் தாய்மரத்தை இழந்தது, விழுதுகள் நின்று தழைத்திருக்கின்றன.

அழுகும் பழத்தை அருவருப்பாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். பூவுக்கே வராத பட்டாம்பூச்சிகள் சில உண்டு, அவை புளித்த பழச்சாற்றுக்கு வரும். மாமரத்தடியில் இறக்கையை விரித்து உட்காரும் பழுப்புநிறப் பட்டாம்பூச்சி அப்படிப்பட்டது. அதன் புழு மாவிலையைத் தின்று, நடுநரம்பின் மேலேயே படுத்துக்கொள்ளும். அதன் முதுகுக் கோடு நரம்போடு சேர்ந்துவிடுவதால் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

பட்டாம்பூச்சியை இலையிலிருந்து தொடங்குங்கள்

பூவில் உட்கார்ந்திருப்பதைத் துரத்திப் படம் எடுப்பது எல்லோரும் செய்வது. உண்மையில் எந்தப் பட்டாம்பூச்சி எங்கே கிடைக்கும் என்பதை இலைதான் தீர்மானிக்கிறது. தாய்ப்பூச்சி கண்ட இலையில் முட்டையிடாது. இலையின் மேல் இறங்கி முன்னங்காலால் தட்டித் தட்டிச் சுவைபார்க்கும். சரியான செடி என்றால் மட்டுமே அடிவயிற்றை வளைக்கும். ஒரு பூச்சி பூவே இல்லாத செடியை விடாமல் சுற்றிச் சுற்றி, இலைக்கு இலை தொட்டுப் பறந்தால், அது முட்டையிட வந்திருக்கிறது என்று பொருள். அது போன பிறகு இலையைத் திருப்பிப் பாருங்கள்.

தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் சில செடி, பட்டாம்பூச்சி ஜோடிகள்: கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வத்தில் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும். எருக்கில் வெந்தய வரியன். சரக்கொன்றைத் தளிரிலும் ஆவாரையிலும் கொன்னை வெள்ளையனும் அதன் உறவினங்களும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். ஈஸ்வரமூலியில் ரோஜா அழகி. கடம்பிலும் செண்பகத்திலும் நெட்டிலிங்கத்திலும்கூட அவற்றுக்கு உரியவை உண்டு.

எலுமிச்சைச் செடியில் இளம்புழு அச்சு அசல் குருவி எச்சம்தான். பழுப்பும் வெள்ளையுமாக இலைமேல் அசையாமல் கிடக்கும். சில நாளில் தோலுரித்துப் பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டிக் காரமான வாசம் விடும். முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம், வெயில் காலத்தில் இன்னும் விரைவு. வாராந்தரம் போகிறவர் இந்த முழு வாழ்க்கையையும் நான்கைந்து வருகையில் பார்த்துவிடலாம்.

அரளிப் புதரில் இலையடியில் தேடினால் இன்னொரு செல்வம் கிடைக்கும். வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு வெள்ளியும் பொன்னுமாகக் கண்ணாடி போல் பளபளக்கும். சுற்றியிருக்கும் இலையும் வானமும் அதில் தெரியும். அரளி வேலி உள்ள எந்தக் கோயில் தோட்டத்திலும் இதைத் தேடலாம்.

கறிவேப்பிலை அழகியின் பெண், அடையாளம் காண்பதில் எல்லோரையும் குழப்பும். பறவைகள் தீண்டாத நச்சுப் பூச்சியான ரோஜா அழகியைப் போலவே அதன் ஒரு வகை வேஷம் போடுகிறது. இறக்கையைப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. உடலைப் பாருங்கள்: ரோஜா அழகியின் உடல் சிவப்பு, வேஷம் போடுவதன் உடல் கறுப்பு.

கிட்டே போகும்போது உங்கள் நிழல் அதன் மேல் விழக்கூடாது, இது ஒன்றுதான் பெரிய சூத்திரம். மெதுவாக, குனிந்து, பக்கவாட்டில் போங்கள். இறக்கையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் படம் எடுங்கள். பல இனங்களை அடிப்புறம் வைத்துத்தான் பிரிக்க முடியும். எண்ணிக்கை எடுக்க விரும்பினால் ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடந்து, இரு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர் என்ற கற்பனைப் பெட்டிக்குள் வருபவற்றை மட்டும் எண்ணுங்கள்.

சமவெளித் தோட்டத்தில் மாதங்கள்

தையில் மழையின் ஈரம் இன்னும் இருக்கும், பட்டாம்பூச்சிகளும் இருக்கும். ஆவாரை பூத்திருக்கும், மா பூக்கத் தொடங்கும். மாசியில் இலையுதிர்வு. இலுப்பை, புரசு, முள்ளிலவு ஆகியவை இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கும். பறவை பார்க்க இதைப் போல் மாதம் இல்லை, மறைக்க இலை இல்லாததால். பங்குனி, சித்திரையில் வேம்பு, புங்கு, சரக்கொன்றை. புங்கம்பூ உதிர்ந்து மரத்தடியே வெளிர்சிவப்புப் பாயாகும். வைகாசியில் குல்மோகர்.

ஆடிக் காற்றில் பட்டாம்பூச்சி குறைவு, அப்போது பழத்தைப் பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் மழைக்குப் பிந்தைய தளிர் வந்ததும் வெள்ளையன்கள் திடீரென்று பெருகும். ஐப்பசி, கார்த்திகையில் மரமல்லி பூக்கும், மதிலோரத்தில் செங்காந்தள் ஏறும். இந்தச் சமயத்தில்தான் நீல வரியன், கருப்பன் போன்ற பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போகும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் மலையிலிருந்து கிழக்கே வந்தவற்றின் திரும்பும் பயணம் இது. வழியில் காய்ந்த கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் ஆண்பூச்சிகள் அப்பிக்கொண்டு கிடக்கும். அந்தச் செடிகளில் உள்ள ஒரு வகை நச்சுப்பொருளை இனச்சேர்க்கைக்காகச் சேகரிக்கின்றன. தோட்டக்காரர் களை என்று பிடுங்க வந்தால், நயமாகப் பேசி இரண்டு வாரம் தவணை வாங்குங்கள்.

இதே பருவமாற்றம் இறக்கையிலும் தெரியும். அந்தியில் பறக்கும் பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்றின் இறக்கை அடியில் மழைக்காலத்தில் தெளிவான கண்புள்ளிகள் இருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பவை காய்ந்த சருகு போலவே இருக்கும், புள்ளி மங்கிவிடும்.

மலைத் தோட்டங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உதகை 2,200 மீட்டருக்கும் மேல், குளிர் அதிகம், இனங்கள் குறைவு. குன்னூர் சற்றுத் தாழ்ந்தது, அதனால் பட்டாம்பூச்சி பார்க்க சிம்ஸ் பூங்காதான் என் தேர்வு. மே மாதக் கண்காட்சிக்கு வைக்கும் மலர்த் தொட்டிகள் அந்த நாளுக்காக வளர்த்தவை, பருவத்தைச் சொல்லாதவை. உதகையின் மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது, பார்க்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் பருவம் பார்க்க, கூட்டம் கலைந்த பிறகு பழைய மரங்களின் பக்கம் போங்கள். நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பார்க்க ஆசைப்பட்டால், மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டை ஒட்டிய இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

தோட்டத்துக்கு நாம் செய்ய வேண்டியது

பூ பறிக்க வேண்டாம், புழுவை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம், படத்துக்காகக் கிளையை வளைத்துக் கட்ட வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 பட்டாம்பூச்சிகள் சிலவற்றுக்கும் பொருந்தும், பிடிப்பதே குற்றமாகலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

குறிப்புகளை நோட்டிலேயே அடைத்து வைக்காமல் மரங்களுக்கு சீசன்வாட்ச், பூச்சிகளுக்கு ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் ஏற்றுங்கள். தவறான பெயர் கொடுத்திருந்தால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். ஒரு நகலைத் தோட்டத்தைப் பராமரிப்பவர்களிடமும் கொடுங்கள். எந்த வேலியில் எந்த மாதம் கூட்டுப்புழு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால், மருந்தடிப்பதையும் கத்தரிப்பதையும் சில வாரம் தள்ளிப்போட முடியும்.

ஓர் ஆண்டு முடிந்ததும் பத்து மரங்களோடு இன்னும் இரண்டைச் சேருங்கள். முதல் ஆண்டின் பக்கத்தையும் இரண்டாம் ஆண்டின் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது சரக்கொன்றை எத்தனை நாள் முந்தியது, நாவல் எவ்வளவு பிந்தியது, மழை தவறிய ஆண்டில் எந்த மரம் பூக்காமலே விட்டது என்பதெல்லாம் தெரியவரும்.